நாற்பத்தெட்டாம் வயதில் மலர்ந்த கலை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் முன்னோர் அனுபவத்தால் கண்ட பழமொழி. பெரும்பாலோர் வாழ்வில் அது மெய்யாகவே இருக்கிறது. ஆயினும் ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு புதிய கலையைக் கையிலெடுத்து, உலகப் புகழ் எய்திய அம்மையார் ஒருவர் உண்டு. அவர் பிறந்ததும் நாம் பிழைக்க வந்த இதே கல்கத்தா நகரில்தான். நான் நாள்தோறும் கோப்புகளுடன் காலங்கழிக்கும் இரயில்வே அலுவலகம் அமைந்த கார்டன் ரீச் பகுதியே அவரது பிறப்பிடம் என்று அறிந்த நாள்முதல், அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்பினேன். அவரே ஜூலியா மார்கரெட் கேமரூன் அம்மையார்.

அம்மையார் 1815ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. தாயார் பிரெஞ்சு மரபினர். இளமைக் கல்வி பெரும்பாலும் பிரான்சு நாட்டில், பாட்டியாரின் ஆதரவில் நடந்தது. 1836இல் உடல்நலம் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இரு பெரியோர்களை அவர் சந்தித்தார். ஒருவர் வானநூல் அறிஞர் ஸர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரூன். இலங்கையின் ஆட்சிமுறையைத் திருத்தியமைக்க வழிகாட்டிய கோல்புரூக் - கேமரூன் குழுவினர் இருவருள் இவரும் ஒருவர். அம்மையாரை விட இருபது ஆண்டுகள் மூத்தவரான இவரையே 1838இல் கல்கத்தாவில் அம்மையார் மணந்தார்.

ஹெர்ஷலின் நட்பும் வீண்போகவில்லை. புகைப்படக்கலை பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1842இல், அப்புதுமையின் மாதிரிகள் சிலவற்றை அவர் கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்தார். விதை அன்றே விழுந்தது. அது முளைவிட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1848இல் அக்குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. பின்னர், 1860இல் வைட் தீவில் உள்ள பிரெஷ்வாட்டர் என்னும் சிற்றூரில், கவிஞர் டென்னிஸனின் இல்லத்திற்கு அண்மையில் இரண்டு வீடுகளை வாங்கி, ஒன்றாக இணைத்து, தம் இலங்கைத் தோட்டத்தின் நினைவாக டிம்போலா என்று பெயரிட்டனர். அம்மையார் தாம் பெற்ற மக்கள் அறுவரோடு ஆதரவற்ற சிறுவர் சிலரையும் வளர்த்தார். ஆண்டுகள் சென்றன, மக்கள் வளர்ந்தனர், கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கை சென்றார். வீட்டில் தனிமை சூழ்ந்தது. அந்நிலையில் 1863 டிசம்பரில் மகள் ஜூலியாவும் மருமகனும் அம்மையாரின் பொழுதுபோக்கிற்காக ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது நாற்பத்தெட்டு.

அக்காலத்துப் புகைப்படம் எடுத்தல் இக்காலம் போன்று எளிதன்று. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைநீரைப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, அந்த ஈரத்திலேயே இருட்டறையில் கழுவி முடித்தல் வேண்டும். எதிரே அமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும். அம்மையார் கரி போட்டு வைத்த அறையை இருட்டறையாக்கினார். கோழிக் கொட்டிலைக் கண்ணாடி அறையாக்கினார். கற்றுக்கொடுக்க ஆசிரியர் எவருமிலர். மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஒரு குடியானவரை அமர்த்தி எடுத்த முதற் படத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார்! எனினும் மனந்தளரவில்லை. 1864 ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்கு அமைந்தது. அதனையே தம் முதல் வெற்றி என்று குறித்து வைத்தார்.

பின்னர் ஹெர்ஷல், டென்னிஸன், கார்லைல், டார்வின் முதலிய பெருமக்கள் அவர் காமிராவின் முன் அமர்ந்தனர். வீட்டுப் பணிப்பெண்களும் அண்டை வீட்டுக் குழந்தைகளும் அதே மதிப்புடன் அமர்த்தப்பெற்றனர். அவர் படங்களில் கோடுகள் கூர்மையாக இரா. முகம் மென்மையான ஒளியில் மிதப்பதுபோல் தோன்றும். தகட்டில் கறைகளும் கீறல்களும் உண்டு. இவற்றைத் தொழிலறியாமை என்று அக்காலப் புகைப்பட வல்லுநர் பலர் எள்ளினர். ஆனால் தென் கென்ஸிங்டன் அருங்காட்சியகம் 1865இல் அவர் படங்களை விலைகொடுத்து வாங்கியது. 1868இல் படமெடுப்பதற்கென இரண்டு அறைகளையும் அளித்தது.

இங்கே நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. அம்மையார் எடுத்து வளர்த்த அயர்லாந்துப் பிச்சைக்காரச் சிறுமி மேரி ரையன் பல படங்களில் இடம்பெற்றாள். அவளைக் கண்காட்சியில் கண்டு மனம் பறிகொடுத்த இளைஞர் 1867இல் அவளை மணந்தார். அவரே நம் கும்பகோணத்தில் பிறந்து, 1904இல் இந்தியத் தேசிய காங்கிரசின் தலைவராக விளங்கிய ஸர் ஹென்றி காட்டன்.

1873இல் அம்மையாரின் வாழ்வில் பேரிடி விழுந்தது. காமிராவைப் பரிசளித்த மகள் ஜூலியா மறைந்தாள். அதற்கடுத்த ஆண்டில்தான் அம்மையார் தம் பத்தாண்டுக் கலைப்பணியைத் திரும்பிப் பார்த்து ஒரு சிறு வரலாறு எழுதத் தொடங்கினார். வெற்றிகளைச் சொல்வதில் அவர் கூசவில்லை, தோல்விகளை மறைக்கவுமில்லை. முதற் படத்தை அழித்த கதையைத் தாமே சொன்னார். தமக்குப் புகழ் தந்த அந்த மென்மைத் தோற்றம் முதலில் தற்செயலாக வாய்த்ததே என்றும் ஒப்புக்கொண்டார். ஈரத் தகட்டுடன் கணவரிடம் ஓடிக்காட்டி, உணவறை விரிப்புகளைக் கறையாக்கியதையும் எழுதினார். கருவியை ஈந்த மகள் இல்லாத வீட்டில் அமர்ந்து இவற்றை எழுதிய தாயின் உள்ளத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம். அந்நூல் முற்றுப்பெறவில்லை, அவர் மறைவுக்குப்பின் 1889இல் அச்சேறியது.

1875இல் கணவருடன் இலங்கை புறப்பட்டார். முதுமையை எண்ணித் தங்களுக்கான சவப்பெட்டிகளையும் உடன் கொண்டு சென்றனர் என்பர். அங்கே காப்பிச் செடிகளை நோய் அழித்து வந்தது; செல்வம் சுருங்கியது. ஆயினும் அவர் காமிரா முற்றும் ஓயவில்லை. களுத்துறைப் பகுதி எளிய மக்களைப் படமெடுத்தார். 1879 ஜனவரி 26ஆம் நாள் மலைநாட்டில் உயிர்நீத்தார். போகவந்தலாவையிலுள்ள மாதா கோயில் வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம் தொழிலாளர் வியர்வை சிந்திய தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது.

இன்று அவருடைய 1,200க்கு மேற்பட்ட படங்கள் போற்றிக் காக்கப்பெறுகின்றன. எள்ளியோர் பெயர்கள் மறைந்தன. காமிரா அவர் கையில் இருந்தது பதினைந்தே ஆண்டுகள். அதற்கு முந்திய நாற்பத்தெட்டு ஆண்டுகளும் வீணல்ல. முகங்களை அன்புடன் நோக்கப் பழகிய காலம் அது. நாற்பதைக் கடந்து, இனி நமக்கென்ன என்று சோர்ந்திருக்கும் என்போன்றோர், அழிந்துபோன அந்த முதற் தகட்டை நினைவிற் கொள்வோமாக. தவறியதை மறைக்காமல், மறுநாளே அடுத்த தகட்டை எடுத்தவருக்கே கலை கைகூடியது.