ஊரே சரோஜான்னு பேர் வச்ச கதை

ஈசிஆர்ல பைக் எடுத்துக்கிட்டு மாமல்லபுரம் போகாத ஆள் நம்ம காலேஜில் யாராவது இருந்தா கை தூக்குங்க. யாரும் இருக்க மாட்டீங்க. சரி, கோவளம் தாண்டி, நெம்மேலி தாண்டி, புலிக்குகை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி பட்டிபுலம்னு ஒரு ஊர் வருமே, அங்கே நின்னிருக்கீங்களா? நாட்டிய சாஸ்திரம் எழுதிய பரதமுனிவருக்கு அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியத்தின் முயற்சியில் உருவானது. மூணு வருஷமா அதைக் கடந்து போயிருக்கேன், ஒரு தடவைகூட நின்னதில்லை. போன மாசம் டயர் பஞ்சர் ஆனதால் நின்னேன். பஞ்சர் போட ஆள் வர்ற வரைக்கும் போனில் அவங்களைப் பத்திப் படிச்சுக்கிட்டிருந்தேன். அப்படியே அவங்க அப்பா கதைக்குள்ளே போயிட்டேன்.

அப்பா பேர் கே. சுப்ரமணியம். 1930-களின் சினிமா இயக்குநர். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, காலையில் நீங்க இயர்போனில் கேட்ட அனிருத்தோட கொள்ளுத்தாத்தா. அனிருத்தின் தாத்தா எஸ்.வி. ரமணன், ரமணனின் அப்பா இவர்.

இவரைப் பத்தி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்க வீட்டில் தங்கச்சி மூணாவது படிக்கிறாள். அவளுக்கு ‘மோனா’ படம் பார்க்கணும். அப்பா முடியாதுன்னுட்டார். அப்பா பேச்சை மீறி ஒரு பொண்ணு கடலுக்குப் போகுது, கடைசியில் அவள் செஞ்சதுதான் சரின்னு படம் முடியுது, குழந்தை இதிலிருந்து என்ன கத்துக்கும் என்பது அவர் வாதம். நான் சிரிச்சேன். கார்ட்டூன் பார்த்து யார் கெட்டுப் போனாங்கன்னு கேட்டேன். இப்போ அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கறேன். ஏன்னு பொறுமையாப் படிங்க.

சுப்ரமணியம் 1904 ஏப்ரல் 20 அன்று தஞ்சாவூர் ஜில்லா பாபநாசத்தில் பிறந்தவர். அப்பா கிருஷ்ணசாமி ஐயர் வக்கீல். ஆசாரமான பிராமணக் குடும்பம். மகனும் சட்டம் படித்தார். ஆனா மனசு சினிமாவில். பேசாத படங்களின் காலத்திலேயே சென்னையில் ராஜா சாண்டோவிடம் வேலை கற்றுக்கொண்டு, 1934-இல் ‘பவளக்கொடி’யை இயக்கினார். எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் எஸ்.டி. சுப்புலட்சுமிக்கும் அதுதான் முதல் படம். அடுத்து 1936-இல் ‘பக்த குசேலா’. பாபநாசம் சிவன் குசேலர், எஸ்.டி. சுப்புலட்சுமி கிருஷ்ணனாகவும் நடித்தார், குசேலர் மனைவியாகவும் நடித்தார். அந்தக் காலத்து டபுள் ஆக்ட்!

இதுவரைக்கும் எந்தத் தகப்பனுக்கும் புகார் இருந்திருக்காது. புராணம், பக்தி, பாட்டு. குடும்பத்தோடு போய் உட்காரலாம். 1937-இல்தான் வந்தது ‘பாலயோகினி’.

கதையைக் கேளுங்க. ஒரு பிராமண விதவையும் அவளுடைய பெண் குழந்தையும் பணக்கார உறவுக்காரர் வீட்டிலிருந்து விரட்டப்படுகிறார்கள். போக்கிடம் இல்லை. தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த வேலைக்காரன் முனுசாமி அவர்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுக்கிறான். அக்கிரகாரம் கொதிக்கிறது. அவன் வீட்டுக்கு நெருப்பு வைக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே அந்தச் சின்னக் குழந்தை பெரியவர்களைக் கேள்வி கேட்கிறது. கேட்டுக் கேட்டே ஊர் மனசைக் கரைக்கிறது.

அந்தக் குழந்தையா நடிச்சது யார் தெரியுமா? சுப்ரமணியத்தின் சொந்த அண்ணன் தம்பி முறையில், கூடப் பிறந்த விஸ்வநாதனின் மகள் சரோஜா. அஞ்சாறு வயசுதான். அடுத்த வீட்டுப் பிள்ளையை வச்சுப் புரட்சி பேசறது சுலபம். இவர் தன் குடும்பத்துக் குழந்தையையே கேமரா முன்னாடி நிறுத்தி, தன் சாதிக்காரங்களையே கேள்வி கேட்க வச்சார். அதோடு விடவில்லை. படத்தில் விதவையாக வரும் பாத்திரத்துக்கு ஒரு நிஜமான பிராமண விதவையையே நடிக்க வைத்தார். அந்தக் காலத்தில் விதவை என்றால் வீட்டுப் பின்கட்டு. வெளியே முகம் காட்டுவதே அபசகுனம். அப்படி ஒருத்தரைத் திரையில், அத்தனை பேர் பார்க்க! தஞ்சாவூர்ப் பக்கத்து வைதீகர்கள் கூடி சுப்ரமணியத்தை ஜாதிப் பிரஷ்டம் செய்ததாகத் திரை வரலாற்றில் பதிவாகி இருக்கிறது.

இங்கேதான் எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்தார். அந்த வைதீகர்களை முட்டாள்கள்னு சொல்லிட்டுப் போறது ரொம்ப ஈஸி. அவங்க செஞ்சது அநியாயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனா ஒரு விஷயத்தை அவங்க சரியாகவே கணிச்சாங்க: சினிமா பார்க்கிற குழந்தை மாறும். சுப்ரமணியமும் அதைத்தான் நம்பினார். நம்பினதால்தான் படம் எடுத்தார். பயந்தவங்களும் எடுத்தவரும் ஒரே கருத்து; நடுவில் சும்மா பொழுதுபோக்குன்னு சொன்ன என்னை மாதிரி ஆளுங்கதான் தப்பு.

இன்னொண்ணு. அந்தப் பாலயோகினி ஒண்ணும் பெரியவங்களை மதிக்காத குழந்தை இல்லை. கருணை, தெய்வ பக்தி, வீட்டுக்கு வந்தவரைத் தாங்குவது, இதெல்லாம் வீட்டில் சொல்லிக் கொடுத்ததுதானே? அதையெல்லாம் அவள் நிஜம்னு எடுத்துக்கிட்டாள். முனுசாமிக்கும் அது பொருந்தும்னு நினைச்சாள். அவ்வளவுதான் அவள் செஞ்ச தப்பு.

படம் பெரிய வெற்றி. பேபி சரோஜாவை இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்றார்கள். அந்த வருஷங்களில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு ஊர் ஊராக சரோஜா என்று பேர் வைத்தார்கள். உங்க கொள்ளுப்பாட்டி தலைமுறையில் எத்தனை சரோஜான்னு வீட்டில் கேட்டுப் பாருங்க. ஒருத்தராவது கிடைப்பாங்க. பிரஷ்டம் பண்ணின ஊரிலும் தொட்டிலில் அந்தப் பேர் விழுந்திருக்கும்னு நினைக்கிறேன்.

அடுத்து 1938-இல் பிரேம்சந்த் நாவலை வைத்து ‘சேவாசதனம்’. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த முதல் படம். வயசானவருக்குக் கட்டி வைக்கப்பட்ட பெண்ணின் கதை. 1939-இல் கல்கியின் ‘தியாகபூமி’. ஆனந்த விகடனில் தொடர் வந்தபோதே படத்தின் ஸ்டில்களோடு வந்தது. அதில் சாவித்திரி தன்னை விரட்டிய புருஷனோடு சேர்ந்து வாழ மாட்டேன்னு கோர்ட்டில் மறுக்கிறாள், வேணும்னா அவனுக்கு நானே ஜீவனாம்சம் தர்றேன்கிறாள். 1939-இல்! குழந்தை சாருவாக மறுபடி பேபி சரோஜா. ஆனா இந்தத் தடவை பயந்தது அரசாங்கம். காந்தி, கதர், தேச சேவைன்னு படம் முழுக்க இருந்ததால் 1940-இல் பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. தடை வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே ஓட்டினார்கள். கூட்டம் தாங்காமல் போலீஸ் தடியடி வரைக்கும் போனது.

அதன் பிறகு இறங்குமுகம். மவுண்ட் ரோட்டில் இருந்த அவருடைய ஸ்டூடியோவில் தீ விபத்து; ஏலத்துக்கு வந்ததை எஸ்.எஸ். வாசன் வாங்கினார். அதுதான் ஜெமினி ஸ்டூடியோ. நீங்க டிராஃபிக்கில் மாட்டிக்கிட்டுத் திட்டுவீங்களே ஜெமினி பாலம், அந்தப் பேர் அங்கேயிருந்து வந்தது. படங்கள் எடுத்தார்தான், ஆனா பழைய வேகம் இல்லை. நடிகர் சங்கம் மாதிரி அமைப்புகளை உருவாக்குவதில் நிறைய உழைத்தார்.

அவர் சொந்த வாழ்க்கையும் ஆசாரப் புத்தகத்தில் அடங்கவில்லை. மனைவி மீனாட்சி இருக்கும்போதே எஸ்.டி. சுப்புலட்சுமியையும் மணந்தார். திரையில் பெண்ணுக்காகப் பேசியவர் வீட்டில் அந்த முதல் மனைவிக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? இதை மறைச்சிட்டு எழுத எனக்கு இஷ்டமில்லை. அதே மனிதர் 1942-இல் நிருத்யோதயா என்ற நடனப் பள்ளியைத் தொடங்கினார். நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையில் ஆடலாமான்னு வாய்ச்சண்டை இன்னும் ஓயாத காலம் அது. அடுத்த வருஷம் பிறந்த மகள் பத்மா பின்னாளில் அந்தப் பள்ளியை நடத்தினார். 1971 ஏப்ரல் 7 அன்று சுப்ரமணியம் காலமானார்.

பஞ்சர் போட்டு முடிச்சு ஹாஸ்டல் வந்ததும் இந்தக் கதையை அப்பாவுக்கு போனில் சொன்னேன். முழுசாக் கேட்டார். முனுசாமி வீடு எரிஞ்ச இடத்தில் மட்டும் உச்சுக் கொட்டினார். ‘தியாகபூமி’ பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பத்திரமா இருக்குன்னு சொன்னதும், அந்த சாவித்திரி கதையெல்லாம் தங்கச்சிக்கு இப்போ வேண்டாம்னார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ‘மோனா’ எவ்வளவு நேரம் ஓடும்னு கேட்டார்.

ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறாங்களாம். பக்கத்தில் உட்கார்ந்து தானும் முழுசாப் பார்ப்பேன் என்பது அப்பாவோட கண்டிஷன். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது என்பது தங்கச்சியோட கண்டிஷன்.