மகளை அனுப்பத் துணிந்த வீடுகள்: மார்த்தா மால்ட் அம்மையார்

ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே நம் மாவட்டத்துப் பங்குகளில் கோடை முகாம் பற்றிய அறிவிப்புகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. பிள்ளைகள் சில நாட்கள் வீட்டைவிட்டு வெளியே தங்கி, செபித்து, பாடி, விளையாடி, பிறரோடு கூடி வாழக் கற்றுக்கொள்ளும் நல்ல வாய்ப்பு அது. மகன் என்றால் உடனே சம்மதிக்கும் வீடு, மகள் என்றதும் தயங்குகிறது. எங்கே படுப்பாள், யார் பார்த்துக்கொள்வார்கள், ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விகள் எழுகின்றன. பெற்ற மனத்துக்கு இக்கேள்விகள் இயல்பே. ஆனால் இவை புதியவை அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில், இவற்றைவிடக் கடுமையான தடைகளின் நடுவே, பெண்பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து அழைத்துவந்து, தம் பொறுப்பில் தங்கவைத்துக் கல்வி கொடுத்தார் ஓர் அம்மையார். அவருடைய வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

அவர் மார்த்தா மால்ட் அம்மையார். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். இங்கிலாந்து நாட்டினர், லண்டன் மிஷன் சங்கத்துப் போதகரான சார்லஸ் மால்ட் ஐயரின் துணைவியார். எனினும் நம் மாவட்டத்தில் படித்த பெண்கள் எந்தச் சபையினராயினும், எந்தச் சமயத்தினராயினும் நன்றியோடு எண்ண வேண்டியவர்.

அக்காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது என்பதை நாம் அறிவோம். 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்து லண்டன் மிஷன் பணியைத் தொடங்கினார். 1818இல் வந்த மீட் ஐயர் அப்பணியின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சிக்காலத்தில் நாகர்கோவிலில் ஒரு பங்களாவும் மிஷனுக்குக் கொடுக்கப்பட்டது. 1819ஆம் ஆண்டு டிசம்பரில் மால்ட் ஐயரும் அம்மையாரும் நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள். பின்னர் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் இதுவே அவர்களுக்கு ஊராயிற்று.

அன்று இங்கிருந்த நிலையை எண்ணினால் நெஞ்சம் பதறுகிறது. மனிதரை மனிதர் விலைக்கு வாங்கிய காலம் அது. 1836ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் திருவிதாங்கூரில் ஏறக்குறைய ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் பேர் அடிமைகளாக இருந்தனர். நிலத்தோடு சேர்த்து அவர்கள் விற்கப்பட்டனர், அடகும் வைக்கப்பட்டனர். தாழ்ந்தவை என ஒதுக்கப்பட்ட சமூகங்களின் பெண்கள் மேலாடை அணிவதற்கும் தடை இருந்தது. அத்தகைய வீடுகளில் பெண்பிள்ளை என்றால் தண்ணீர் சுமக்கவும், தம்பி தங்கையரைப் பார்க்கவும், தாயோடு வயலில் இறங்கவும் உரிய ஒரு கை. படிப்பு அவளுக்கு எதற்கு என்று பெற்றோரே கேட்டார்கள். அவளைப் பள்ளிக்கு அனுப்பினால் அன்றைய வேலை நின்றுவிடும் என்பது வெறும் சாக்கு அன்று. ஏழை வீட்டின் உண்மையான கணக்கு.

அம்மையார் அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டார் என்பதே அவருடைய பெருமை. பகலில் மட்டும் நடக்கும் பள்ளிக்குப் பிள்ளைகள் ஒருநாள் வருவார்கள், மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே அவரும் மீட் ஐயரின் துணைவியார் ஜோஹன்னா அம்மையாரும் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியை நாகர்கோவிலில் ஏற்படுத்தினார்கள். பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அங்கேயே கொடுக்கப்பட்டன. அச்செலவை ஏற்க இங்கிலாந்தில் பலர் முன்வந்தனர். அவ்வாறு உதவியவரின் பெயரையே தாங்கிய பிள்ளைகளும் உண்டு. வாசிப்பு, எழுத்து, வேதபாடம் ஆகியவற்றோடு தையலும் வீட்டு வேலைகளும் கற்பிக்கப்பட்டன.

1821ஆம் ஆண்டளவில் அம்மையார் மற்றொன்றையும் தொடங்கினார். இங்கிலாந்துப் பெண்கள் கையால் செய்துவந்த ரேந்தைப் பின்னலை இப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். உருண்ட தலையணையின் மேல் மாதிரித் தாளை விரித்து, அதன் கோலத்தின்படி குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் பின்னும் நுட்பமான வேலை அது. ஒரு நூல் பிசகினாலும் கோலம் கெட்டுவிடும். கண்ணுக்கும் கைக்கும் பொறுமைக்கும் அது பெரிய பயிற்சி. களை பறித்தும் சாணம் சுமந்தும் காய்த்த விரல்கள் அந்த வெண்ணூலில் பூவும் கொடியும் பின்னின. அப்பின்னல்களை ஐரோப்பியர் விரும்பி வாங்கினார்கள். பிள்ளைகளுக்குக் கூலியும் கிடைத்தது.

இங்கேதான் இவ்வரலாற்றின் உயிர்நாடி இருக்கிறது. அப்பள்ளியில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தனர். அவர்களில் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அடிமைமுறையை ஒழிக்கும் அரச ஆணை 1855இல்தான் வந்தது. அதற்கு முன்பே இந்தச் சிறுமிகள் நூலாலும் ஊசியாலும் தங்கள் விலங்கை அறுத்தார்கள்! வீட்டைவிட்டுச் சென்ற மகள், அறிவோடும் கைத்தொழிலோடும் தலை நிமிர்ந்து திரும்பினாள். அதைக் கண்ணாரக் கண்ட அண்டை வீட்டாரின் அச்சம் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆயிரம் சொற்பொழிவுகள் செய்ய முடியாததை அப்படி ஒரு பிள்ளையின் முகம் செய்துவிடும்.

பாதை மலர் தூவியதாக இருக்கவில்லை. பள்ளிப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் அணிவதற்கென்று குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டை ஏற்பட்டது. அதை அணிந்து தெருவில் நடப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. 1820களில் பெண்கள் தாக்கப்பட்டார்கள். அவர்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் ஆலயங்களும் தீக்கிரையாயின. தோள்சீலைக் கலகம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட வரலாறு இதுவே. 1858இல் அது மீண்டும் மூண்டது. 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் வெளியான அரச அறிவிப்பே சட்டை அணியும் உரிமையைக் கொடுத்தது. அதுவும் முழு உரிமை அன்று. இத்தகைய நாட்களில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்தந்தையரின் துணிவை என்னென்பது! அவர்களின் பெயர்களை இன்று நாம் அறியோம். ஆயினும் அம்மையாருக்குச் செலுத்தும் நன்றியில் பாதி அவர்களுக்கு உரியது.

அம்மையார் தம் மகளையும் இதே மண்ணில், இதே பணியில் வளர்த்தார். மகள் எலைசா தமிழைத் தாய்மொழிபோல் பேசினார். 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து திருநெல்வேலிச் சீமையிலுள்ள இடையன்குடிக்குச் சென்றார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அதே கால்டுவெல்தான். அந்த வறண்ட தேரிமணல் ஊரிலும் எலைசா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் ரேந்தைப் பின்னலும் ஏற்படுத்தினார். பிறர் மகளை அனுப்பச் சொன்ன தாய், தம் மகளையும் தூரத்து ஊருக்கு அனுப்பிவைத்தார்.

1850களின் நடுவில் மால்ட் ஐயரும் அம்மையாரும் தாயகம் திரும்பினார்கள். நாகர்கோவில் பள்ளியில் பயின்ற பெண்கள் ஆசிரியைகளாகவும், உபதேசியாரின் துணைவியராகவும் ஊர் ஊராகச் சென்றார்கள். ரேந்தைப் பின்னல் பல தலைமுறைகளுக்கு நம் மாவட்டத்து வீடுகளில் அடுப்பெரியச் செய்தது.

இனி, முகாமுக்கு மகளை அனுப்ப யோசிக்கும் பெற்றோருக்கு இவ்வாழ்வு சொல்வது என்ன? நம்பிக்கை என்பது கேட்டவுடன் கொடுத்துவிடும் பொருள் அன்று. அதைச் சம்பாதித்துத்தான் பெற வேண்டும். ஆகவே தயங்காமல் விசாரியுங்கள். முகாம் நடக்கும் இடத்தைக் கூடுமானால் நேரில் பாருங்கள். பொறுப்பேற்கும் அருட்சகோதரிகள் யார், இரவில் பிள்ளைகளோடு தங்கும் ஆசிரியைகள் யார், அவசரமானால் எந்த எண்ணில் பேசலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கும் பெற்றோரை நல்ல முகாம் ஒருபோதும் வெறுப்பதில்லை.

மகளையும் ஆயத்தப்படுத்துங்கள். துணி துவைக்க, தலை பின்ன, தன் பாத்திரத்தைத் தானே கழுவ ஒரு மாதம் முன்பே பழக்குங்கள். பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ நீங்கள் இல்லாமல் ஓரிரு இரவு தங்கவிடுங்கள். மாதவிலக்கு நாட்களுக்கு வேண்டியதைத் தாயே எடுத்து வைத்து விளக்கிச் சொல்லட்டும். மருந்து உண்டென்றால் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். நகை வேண்டாம். யாரேனும் தகாத முறையில் பேசினாலோ தொட்டாலோ, அவர் எவ்வளவு பெரியவராயினும், உடனே சொல்ல வேண்டும். அதற்காக வீட்டில் ஏச்சு விழாது என்று உறுதி கொடுங்கள். முதல் இரவில் வீட்டு நினைவு வந்து அழுதால் அது குறை அன்று. மறுநாள் விளையாட்டில் பெரும்பாலும் கரைந்துவிடும். வழியனுப்பும்போது உங்கள் கண்ணீரை மட்டும் சற்று அடக்கிக்கொள்ளுங்கள்.

அன்பு மாணவியரே, திரும்பி வந்ததும் பெற்றோரோடு அமர்ந்து கண்டதையும் கற்றதையும் சொல்லுங்கள். கற்றவற்றில் ஒன்றையேனும் வீட்டில் செய்து காட்டுங்கள். அன்று ரேந்தை பின்னித் திரும்பிய மகள் அடுத்த வீட்டுச் சிறுமிக்கும் வழி காட்டியிருப்பாள். நீங்கள் எப்படித் திரும்பி வருகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் உங்கள் தங்கையை அடுத்த கோடையில் அனுப்புவார்கள்.