கண்ணிழந்த கணித மேதை

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

இது ஒரு அதிசய எண். 1-ஐயும் இதே எண்ணையும் தவிர, வேறு எந்த எண்ணாலும் இதை மீதி இல்லாமல் வகுக்க முடியாது. இப்படிப்பட்ட எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். இந்த உண்மையை நிரூபித்தவர் ஆய்லர். அப்போது அவருக்கு ஏறக்குறைய பார்வையே இல்லை!

பாதிரியார் மகன்

ஆய்லர் 1707-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனும் பாதிரியார் ஆகவேண்டும் என்று விரும்பினார். ஆனால் மகனின் மனம் கணக்கிலேயே இருந்தது. பெர்னூலி என்ற பேராசிரியர், சனிக்கிழமைதோறும் அவருடைய சந்தேகங்களைத் தீர்த்து வைத்தார். தந்தையைச் சம்மதிக்க வைத்தவரும் அவரே.

1727-ல் ஆய்லர் ரஷ்யாவில் உள்ள பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போனார். அங்குள்ள அறிவியல் கழகத்தில் வேலை கிடைத்தது.

பெரியவரின் பிழை

32 இரண்டுகளைப் பெருக்கி, 1 கூட்டினால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 வரும். அது பகா எண் என்று பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் பெர்மா நம்பினார். 1732-ல் ஆய்லர் அது தவறு என்று காட்டினார். அந்த எண்ணை 641 மீதி இல்லாமல் வகுத்துவிடும்!

இருள் சூழ்ந்தது

1738-க்குள் வலது கண் பார்வை போயிற்று. 1766-க்குப் பிறகு இடது கண்ணிலும் புரை விழுந்தது. 1771-ல் அவர் வீடு தீப்பற்றி எரிந்தது. கண் தெரியாமல் உள்ளே தவித்தவரை ஒரு தொழிலாளி தூக்கி வந்து காப்பாற்றினார். அதே ஆண்டில் செய்த கண் அறுவையும் பலன் தரவில்லை.

ஆய்லர் சோர்ந்துவிடவில்லை. மனத்திலேயே கணக்குப் போட்டுச் சொல்வார். மகனும் மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள்.

எண்ணின் கதை

31 இரண்டுகளைப் பெருக்கி, 1 கழித்தால் முதலில் சொன்ன எண் கிடைக்கும். அது பகா எண்தானா? நேர்வழியில் சோதித்தால், 46 ஆயிரத்துச் சொச்சம் வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 4,700-க்கு மேல் இருக்கின்றன. ஆய்லர் ஒரு குறுக்குவழி கண்டார். 248-ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மீதி வரும் எண்களைச் சோதித்தாலே போதும். அப்படிப்பட்ட பகா எண்கள் நூறுகூட இல்லை. அவற்றில் ஒன்றும் வகுக்கவில்லை. இந்த முடிவை 1772-க்குள் ஆய்லர் எட்டிவிட்டார். 75 ஆண்டுகளுக்கு மேல் அதைவிடப் பெரிய பகா எண்ணை யாரும் நிரூபிக்கவில்லை.

1783-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, 76-வது வயதில், ஆய்லர் காலமானார். அவர் படைப்புகளில் ஏறக்குறைய பாதி, பார்வை போன பிறகு பிறந்தவை!