பாதாளம் கண்ட பெருமகனார் மார்த்தேல்

மலை ஏறியவர்களின் பெயர்களைப் பாட நூல்களில் படித்திருக்கிறோம். கடல் கடந்து புதிய நாடு கண்டவர்களின் பெயர்களும் நமக்கு மனப்பாடம். மண்ணுக்கு அடியிலும் ஓர் உலகம் உண்டு, அங்கேயும் ஆறுகள் ஓடுகின்றன, ஏரிகள் தேங்கி நிற்கின்றன என்று நேரில் இறங்கிக் கண்டு வந்து சொன்னவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் பிரான்சு நாட்டு எதுவார் மார்த்தேல். குகையியல் என்னும் அறிவுத் துறையின் தந்தை என்று போற்றப்படும் அப்பெருமகனாரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம், தோழியரே!

இளமைப் பருவம்

மார்த்தேல் 1859-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பாரிசு மாநகருக்கு அருகிலுள்ள பொந்துவாஸ் என்னும் ஊரில் பிறந்தார். அவருடையது வழக்கறிஞர் குடும்பம். ஏழு வயதுச் சிறுவனாக இருந்தபோது பெற்றோர் அவரைப் பிரனீசு மலைப் பகுதிக்கு அழைத்துச் சென்று கார்காசு என்னும் குகையைக் காட்டினார்கள். அந்த இருட்டு மற்றப் பிள்ளைகளை அச்சுறுத்தியிருக்கும். அவருக்கோ அது ஆசையை ஊட்டியது. பள்ளியில் அவருக்கு மிகவும் பிடித்த பாடம் புவியியல். 1877-இல் நாட்டின் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டித் தேர்வில் புவியியலில் முதற் பரிசு பெற்றார். ஜூல் வெர்ன் எழுதிய கதைகளை விரும்பிப் படித்தார்.

ஆயினும் குடும்ப வழக்கப்படி சட்டம் பயின்று பாரிசு வணிக நீதிமன்றத்தில் வழக்காடலானார். ஆண்டு முழுவதும் கறுப்பு அங்கியும் வழக்குக் கட்டுகளும்தான். கோடை விடுமுறை வந்துவிட்டாலோ கயிறும் மெழுகுவத்தியுமாகக் குகைகளைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்!

தண்ணீர் எங்கே போகிறது?

பிரான்சின் தென் பகுதியில் கோசு என்று அழைக்கப்படும் பெரிய சுண்ணாம்புக்கல் மேட்டு நிலங்கள் உள்ளன. அங்கே நல்ல மழை பெய்யும். ஆனால் பெய்த மழை நிலத்தில் நில்லாது. பாறை வெடிப்புகளிலும் பிலங்களிலும் நுழைந்து மறைந்துவிடும். மேட்டில் வாழும் மக்கள் கூரை நீரைத் தொட்டிகளில் சேமித்து ஆடுகளுக்கும் தங்களுக்கும் வைத்துக்கொள்வார்கள். கீழே பள்ளத்தாக்கிலோ குளிர்ந்த ஊற்றுகள் குபுகுபுவென்று பொங்கும். மேலே காணாமற்போகும் நீர்தான் கீழே ஊற்றாகிறதா? இடையில் அது எவ்வழியே செல்கிறது? இந்தக் கேள்வியே மார்த்தேலை வாழ்நாள் முழுவதும் இயக்கியது.

மழை நீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சிறிது புளிப்புத் தன்மை அடைகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையை மெல்ல மெல்ல அரிக்கிறது. ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளில் வெடிப்புகள் சுரங்கங்களாகவும், சுரங்கங்கள் மண்டபங்களாகவும் விரிகின்றன. இதுவே குகைகள் பிறக்கும் விதம்.

1888-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27, 28 ஆகிய நாட்களில் மார்த்தேல் தம் முதல் பெரும் வெற்றியைக் கண்டார். பொனேர் என்னும் சிற்றாறு ஓரிடத்தில் பூமிக்குள் புகுந்துவிடுகிறது. மலையின் மறுபுறத்தில் பிரமபியோ என்ற பெயரோடு வெளியே பாய்கிறது. முன்னதற்கு மகிழ்ச்சி என்று பொருள். பின்னதற்கு எருதின் முழக்கம் என்று பொருள். வெள்ளக் காலத்தில் அது எழுப்பும் ஓசை அத்தகையது! அந்த நீர் போகும் வழியிலேயே தாமும் புகுந்து, இடுப்பளவு நீரிலும் வழுக்குப் பாறையிலும் நடந்து, மறுபுறம் வெளிவந்தார் மார்த்தேல்.

சாத்தான் பிளந்த பள்ளம்

பதிராக் என்னும் ஊரருகே ஒரு பெரும் பள்ளம் வாய் பிளந்து கிடக்கிறது. அதன் ஆழம் 75 மீட்டர். மூன்று தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாற்போன்ற ஆழம்! அப்பள்ளத்தைப் பற்றி அவ்வூர் மக்கள் ஒரு கதை சொல்வார்கள். புனித மார்ட்டின் கழுதையின்மேல் அவ்வழியே வந்தாராம். ஆன்மாக்கள் நிறைந்த மூட்டையோடு சாத்தான் எதிர்ப்பட்டானாம். தான் உண்டாக்கும் தடையைப் புனிதர் தாண்டினால் மூட்டையைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிக் குதிகாலால் தரையை உதைத்தானாம். தரை பிளந்து இப்பள்ளம் உண்டாயிற்றாம். கழுதை ஒரே பாய்ச்சலில் தாண்டிவிட, ஆன்மாக்கள் மீட்கப்பட்டன என்பது கதை. மக்கள் நெடுங்காலம் அப்பள்ளத்தை அச்சத்தோடு எட்டிப் பார்த்து வந்தார்கள்.

1889 ஜூலை 9-ஆம் நாள் மார்த்தேல் தம் உறவினர் கபிரியேல் கோப்பியா, கொல்லர் லூயி அர்மான், எமீல் ஃபூல்கியே ஆகியோருடன் அங்கு வந்து நூலேணி கட்டி இறங்கினார். அடியில் சாத்தான் இல்லை. தெளிந்த நீரோடும் ஓர் ஆறு இருந்தது! மறுநாள் மடக்கக்கூடிய துணிப் படகு ஒன்றைக் கீழே இறக்கினார்கள். அதற்கு முதலை என்று பெயர் வைத்திருந்தார்கள். மெழுகுவத்தி ஒளியில், மனிதக் குரல் அதுவரை ஒலித்திராத அந்த ஆற்றில் துடுப்புப் போட்டுச் சென்ற அவர்களின் உள்ளம் எப்படித் துள்ளியிருக்கும்! பத்து ஆண்டுகளுக்குள் படிக்கட்டு அமைத்து அக்குகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று 40 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழிகள் அங்கே கண்டறியப்பட்டுள்ளன.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் குகைக்குள் ஒருவர் தனியே இறங்க முடியாது. கீழே போகிறவர் கயிற்றின் ஒரு முனையில் தொங்குகிறார். மறு முனையை மேலே சிலர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் வெயிலிலும் மழையிலும் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். கை தளர்ந்தால் ஓர் உயிர் போய்விடும். கீழே இறங்கியவரின் பெயர் செய்தித்தாளில் வரும். கயிறு பிடித்தவர்களின் பெயர் வராது. மார்த்தேல் இதை மறந்தவர் அல்லர். 1897 செப்டம்பரில் கொல்லர் அர்மான் மேட்டு நிலத்தில் ஒரு புதிய பிலத்தைக் கண்டுபிடித்தார். அதனுள்ளே கல்முளைகள் ஒரு காடு போல நின்றன. தரையில் சொட்டும் நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து படிந்து தூணாக எழுவதே கல்முளை. அவற்றுள் ஒன்றின் உயரம் 30 மீட்டர்! உலகப் புகழ் பெற்ற மார்த்தேல் அந்த அதிசயத்துக்குத் தம் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. ஊர்க் கொல்லரின் பெயரையே சூட்டினார். இன்றும் அது அர்மான் பிலம் என்றே வழங்குகிறது.

நஞ்சான ஊற்று

1891-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை எனலாம். லோத் என்னும் மாவட்டத்தில் பெரி என்ற இடத்தில் ஓர் ஊற்று இருந்தது. பார்ப்பதற்குப் பளிங்கு போன்ற நீர். களைத்து வந்த மார்த்தேல் அதைப் பருகினார், நோயுற்றார். பின்பு அருகிலிருந்த பிலத்தில் இறங்கிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. யாரோ மேலேயிருந்து வீசிய கன்றுக்குட்டியின் உடல் அங்கே அழுகிக் கிடந்தது! அதன்மேல் வழிந்த நீரே ஊற்றாக வெளிவந்து கொண்டிருந்தது.

இறந்த ஆடு மாடுகளைப் பிலங்களில் தள்ளிவிடுவது அக்காலத்து உழவர்களின் வழக்கம். கண்ணுக்கு மறைந்தால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணினார்கள். மணலின் வழியே கசியும் நீர் ஓரளவு வடிகட்டப்படும். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பிலோ நீர் குழாயில் ஓடுவதுபோல் ஓடிவிடும். அழுக்கும் கிருமியும் அப்படியே கீழே வந்து சேரும். மேட்டில் ஒருவன் எறிந்ததைப் பள்ளத்தாக்கில் ஒரு தாய் குடத்தில் மொண்டு குழந்தைக்குக் கொடுக்கிறாள். இதை உணர்ந்த நாள் முதல் மார்த்தேலுக்குக் குகை வெறும் விடுமுறை விளையாட்டாக இருக்கவில்லை. எழுதினார், பேசினார், அதிகாரிகளிடம் வாதாடினார். வழக்கறிஞர் அல்லவா! அதன் பயனாக 1902 பிப்ரவரி 15-இல் பிரான்சு அரசு இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டத்தில், இறந்த விலங்குகளைப் பிலங்களில் எறிவது தண்டனைக்குரிய குற்றம் என்ற விதி சேர்க்கப்பட்டது. அவ்விதியை மக்கள் மார்த்தேல் சட்டம் என்றே அழைத்தார்கள்.

அவர் சொன்னது உண்மை என்பதற்கு வேறொரு சான்றும் கிடைத்தது. 1901-இல் போந்தார்லியே நகரில் மது ஆலை ஒன்று தீப்பற்றியது. வெடித்துவிடாதபடி பெருமளவு மதுவை தூப் என்ற ஆற்றில் கொட்டிவிட்டார்கள். ஓரிரு நாளில், மலைக்கு அப்பால் லூ என்ற வேறோர் ஆறு தோன்றும் ஊற்றில் அம்மதுவின் வாடை வீசிற்று! 1910-இல் மார்த்தேல் தூப் ஆற்றில் சாயம் கலந்து பார்த்தார். லூவின் நீர் நிறம் மாறியது. இரண்டும் பூமிக்கடியில் இணைந்தவை என்பது ஐயமின்றி விளங்கியது.

சங்கமும் தோழமையும்

ஒருவர் கண்டது ஒருவரோடு மறைந்துவிடும். பலர் கூடினால் அது வளரும். இதை அறிந்த மார்த்தேல் 1895-இல் பாரிசில் குகையியல் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் வழியே இதழும் வெளியிட்டார். இறங்கிய பிலத்தின் ஆழம், வரைபடம், நீரின் போக்கு, வெப்பநிலை என்று ஒவ்வொன்றும் எழுத்தில் பதிவாயின.

அதே ஆண்டு இங்கிலாந்துக்குச் சென்றார். யார்க்ஷயரில் இங்கிள்பரோ மலைச் சரிவில் கேப்பிங் கில் என்னும் பிலம் உள்ளது. ஓர் ஓடை அருவியாகி சுமார் 100 மீட்டர் ஆழத்துக்கு நேரே விழுகிறது. ஆகஸ்டு முதல் நாள் மார்த்தேல் அருவி நீரில் நனைந்தபடி நூலேணியில் இறங்கி அடியை அடைந்தார். அதுவரை எவரும் அதன் அடியைத் தொட்டதில்லை. மேலே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார் தெரியுமா? அவருடைய மனைவியார்! கணவர் இருட்டுக்குள் தொங்கும்போது கலங்காமல் நின்ற அம்மையாரின் துணிவைப் பெண்களாகிய நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

யார்க்ஷயர் நடைப்பயணச் சங்கத்தார் அப்பிலத்தில் முதலில் இறங்கத் தாமே ஆயத்தம் செய்து வந்தார்கள். வேற்று நாட்டவர் முந்திக்கொண்டது அவர்களுக்கு ஏமாற்றமே. ஆனால் சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே தாங்களும் இறங்கி, அவர் காணாத வழிகளையும் ஆராயத் தொடங்கினார்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியிலும் ஆகஸ்டிலும் அப்பகுதிக் குகைச் சங்கங்கள் இரண்டு, முறை வைத்து மலைமேல் கூடாரம் அடிக்கின்றன. ஓடையைத் திருப்பிவிட்டு, உருளை இயந்திரத்தில் நாற்காலி கட்டிப் பொதுமக்களையும் கீழே இறக்கிக் காட்டுகின்றன. இறங்குவதற்குக் காசில்லை, மேலே ஏறுவதற்குத்தான் காசு என்று வேடிக்கை பேசுவது அங்கே பழைய வழக்கம்! சமைப்பது, தேநீர் போடுவது, இயந்திரம் இயக்குவது எல்லாம் உறுப்பினர்களே. விளையாட்டாகக் கூடுபவர்கள் இடர் வந்தால் உயிர் காக்கவும் கூடுவார்கள். 1935-இல் அவ்வட்டாரத்துக் குகை அன்பர்கள் ஒரு மீட்புக் குழுவை அமைத்தார்கள். குகையில் சிக்கியவரைத் தேடி நள்ளிரவிலும் ஊதியமின்றிச் செல்கிறார்கள் அதன் தொண்டர்கள்.

இறுதிக் காலம்

மார்த்தேல் பின்னாளில் வழக்கறிஞர் தொழிலை விட்டுக் குகை ஆராய்ச்சிக்கே தம்மை ஒப்படைத்தார். 1905-இல் வெர்தோன் ஆற்றின் ஆழமான மலைப் பிளவை ஆராய்ந்தார். 1907-இல் அறிவியல் கழகத்தின் பெரும் பரிசு கிடைத்தது. 1928 முதல் 1931 வரை பாரிசு புவியியல் கழகத்தின் தலைவராகப் பணியாற்றினார். முதல் உலகப் போர் அவருடைய சங்கத்தைக் கலைத்தது. எனினும் 1930-இல் இளைஞர்கள் புதிய சங்கம் தொடங்கி அவர் விட்ட கயிற்றை எடுத்துக்கொண்டார்கள். 1938 ஜூன் 3-ஆம் நாள் அப்பெருமகனார் இறைவனடி சேர்ந்தார்.

பாதாளத்தில் பொன்னும் மணியும் கிடைக்கும் என்பது கதைகளில் வரும் செய்தி. மார்த்தேல் மேலே கொண்டுவந்தது நல்ல தண்ணீர் பற்றிய அறிவு. நாம் எறியும் குப்பையும் கழிவும் கண்ணுக்கு மறைவதால் இல்லாமற்போவதில்லை. வேறொருவர் குவளையில் அது வந்து நிற்கும். நம்மில் எல்லாரும் பிலத்தில் இறங்கப் போவதில்லை. ஆனால் அயலாரின் ஊற்றைக் கெடுக்காமல் வாழ நம் எல்லாராலும் முடியும். பிறர் இறங்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியும். வாழ்க மார்த்தேலின் புகழ்!