கோள்கள் பிறக்கும் தட்டும் ஒரு தமிழரின் கணக்கும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மண்ணுள் புதைத்தது. நாடு அத்துயரில் ஆழ்ந்திருந்த மறுவாரம், நவம்பர் 6ஆம் திகதி, சிலி நாட்டின் அல்மா தொலைநோக்கி எடுத்த படமொன்று வெளியாகியது. அது எம்மவர் கவனத்தில் பதியாது போயிருப்பின் வியப்பில்லை. பிறந்து பத்து இலட்சம் ஆண்டளவே ஆன எச்எல் டோரி என்னும் நட்சத்திரத்தைச் சூழ்ந்த வாயுவும் தூசும் கொண்ட தட்டை அப்படம் காட்டியது. தட்டிலே காணப்பட்ட இருண்ட வளையங்கள் கோள்கள் உருவாகி வருவதன் அடையாளமெனக் கருதப்படுகின்றன. நாம் ரோகிணி என்றும் அரபு வானியலாளர் அல்தபரான் என்றும் பெயரிட்ட செந்நிற நட்சத்திரத்தின் அருகே, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத நிலையில் இது உள்ளது. எமது பூமியும் ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய தட்டொன்றில் தோன்றியதே.

இத்தட்டுகளின் இயக்கத்தை விளக்குவதற்கு உதவிய கணக்குகளுள் ஒன்று, தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகருடையது.

1910ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி லாகூரில் பிறந்த அவர், சென்னையில் வளர்ந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர். தாயார் சீதாலட்சுமி இப்சனின் நாடகத்தைத் தமிழாக்கிய கல்விமான். சிற்றப்பா சர் சி.வி. இராமன். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, அரசாங்கப் புலமைப்பரிசிலுடன் 1930ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அப்போது தாயார் கடும் நோயுற்றிருந்தார். மகனின் பயணம் தடைப்படலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மறு ஆண்டு அவர் காலமானபோது மகன் கடல் கடந்த தேசத்தில் இருந்தார்.

கப்பலிலேயே தொடங்கிய கணக்கு, வெண்குறு நட்சத்திரமொன்றின் நிறைக்கு எல்லையுண்டு என்பதைக் காட்டியது. 1935ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் வானியற் கழகத்தில் அதனை அவர் எடுத்துரைத்தபோது, அக்காலப் பேரறிஞர் எடிங்டன் சபையறிய எள்ளி நகையாடினார். சந்திரசேகர் கசந்து ஒதுங்கவில்லை. 1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் பணியில் இணைந்தார். ஒரு துறையை முற்றாகக் கற்று நூலெழுதி முடித்தபின் மறு துறைக்குச் செல்வதை வழக்கமாக்கிக் கொண்டார். நோபல் பரிசு 1983இலேயே அவரைத் தேடி வந்தது.

இப்பயணத்தினிடையே, 1960ஆம் ஆண்டில், சுழலும் இரு உருளைகளுக்கிடையிலுள்ள மின்கடத்தும் திரவத்தை மெல்லிய காந்தப்புலமே நிலைகுலைக்கும் என அவர் கணித்தார். சோவியத் அறிஞர் வெலிகோவ் முந்திய ஆண்டில் இதே முடிவுக்கு வந்திருந்தார். முப்பது ஆண்டுகளாக இதன் முழுப் பெறுமதியை எவரும் உணரவில்லை. 1991இல் பல்பஸ், ஹோலி என்னும் இருவர் இதனை நட்சத்திரத் தட்டுகளுக்குப் பொருத்தினர். தட்டின் உட்புற வாயு வேகமாகவும் வெளிப்புற வாயு மெதுவாகவும் சுற்றுகின்றது. இரண்டையும் காந்தப்புலம் இறப்பர் நாடா போலப் பிணைக்கும்போது, பின்னிழுக்கப்பட்ட உட்புற வாயு சுழற்சியை இழந்து நட்சத்திரத்தை நோக்கி விழுகின்றது. வெளிப்புற வாயு அச்சுழற்சியைப் பெற்று அகல்கின்றது. தட்டின் குளிர்ந்த நடுப்பகுதியில் இவ்விளைவு மங்கும் என்பதையும், காந்தப்புலம் செலுத்தும் காற்றுகளுக்கும் பங்குண்டு என்பதையும் பிற்கால ஆய்வுகள் உணர்த்தியுள்ளன.

1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆம் திகதி அவர் மறைந்தார். 1999இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட சந்திரா தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்குகின்றது. 2003 ஜனவரியில் அது ஓரியன் முகிலை ஏறத்தாழ 13 நாட்கள் நோக்கி, இளம் நட்சத்திரங்கள் வீசும் எக்ஸ் கதிர்ச் சுவாலைகளைப் பதிவு செய்தது. தட்டின் வாயுவை மின்கடத்தச் செய்வனவற்றுள் அக்கதிர்களும் அடங்கும். அன்றேல் அவருடைய கணக்கு அங்கு செல்லுபடியாகாது.

சந்திரசேகரின் வாழ்வை மேதையொருவரின் தனிச் சாதனையாக மட்டும் நோக்குதல் தகாது. நூல்கள் நிறைந்த வீடும், நல்லாசிரியரும், உரிய வேளையில் புலமைப்பரிசிலும் அவருக்கு வாய்த்தன. கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையோ பெருந்தோட்டப் பாடசாலைகளின் நெடுங்காலக் குறை. நகர வெளிச்சம் மறைக்காத வானம் ஊவா மலைகளின் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கிடைத்திருக்கின்றது. அவ்வானத்தைக் கணக்கிடக் கற்பிக்கும் ஆசிரியரைத் தருவது அரசினதும் சமூகத்தினதும் கடமையாகும். ஒரு கணக்கின் பயன் வெளிப்பட முப்பது ஆண்டுகள் காத்திருக்கலாம். பள்ளிப் பருவத்துப் பிள்ளையால் அவ்வாறு காத்திருக்க இயலாது.