பட்டியலைக் காத்த ஜொன் பொஸ்டல்

ஹட்டனில் மழை கொட்டும் இரவுகளில்தான் எனக்கு இந்த வேலைக்கு நேரம் கிடைக்கும். லயன் அறையில் மடிக்கணினியைத் திறந்து, கறுப்புத் திரையில் எஸ்.எஸ்.எச். என்ற மூன்றெழுத்துக் கட்டளையைத் தட்டுவேன். பின்னர் என் பயனர் பெயரையும், சிங்கப்பூரில் நான் வாடகைக்கு எடுத்துள்ள கணினியின் முகவரியையும் சேர்ப்பேன். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. சரியாக இருந்தால் கதவு திறக்கும். எங்கள் குடும்பத்தில் மிஞ்சிய பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரங்கள் எல்லாவற்றின் படங்களும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

மிஞ்சியவை என்று சொல்லக் காரணம் உண்டு. தாத்தாவின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னர் வாக்காளர் பட்டியலில் அது இல்லாமல் போனது. 1977 வன்செயலின்போது குடும்பம் கிளிநொச்சிக்கு ஓடியது. 2009இல் பெட்டி படுக்கையோடு பத்திரங்களில் பாதியையும் இழந்து, மெனிக் பாம் முகாமில் மறுபடி பெயர் பதிந்தோம். பட்டியல் என்றாலே எங்களுக்கு ஒரு பயம். அதனால்தான், இணையத்தின் பட்டியல்களை ஏறத்தாழ 30 ஆண்டுகள் தன் கையில் வைத்திருந்த ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

ஜொன் பொஸ்டல் 1943 ஓகஸ்ட் 6ஆம் திகதி கலிபோர்னியாவில் பிறந்தார். லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1974இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். மாணவராக இருக்கும்போதே, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் வேலை செய்த குழுவில் சேர்ந்திருந்தார். 1969 ஒக்டோபர் 29 இரவு, அந்தக் குழுவின் இன்னொரு மாணவரான சார்லி கிளைன், சுமார் 500 கிலோமீற்றர் தள்ளியிருந்த ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய முயன்றார். லொகின் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் போனதும் எதிர்முனை செயலிழந்தது. சிறிது நேரத்தில் மறுபடி முயன்று உள்ளே போனார்கள். தூரத்திலுள்ள கணினியின் கதவைத் தட்டியதில்தான் அந்த வலையமைப்பே தொடங்கியது.

அதன் விதிகளைச் சொல்லும் ஆவணங்களைத் தொகுக்கும் பொறுப்பைப் பொஸ்டல் ஏற்றார். தொலைநுழைவுக்கான டெல்நெட் விதிகளை 1983 மே மாதம் ஜொய்ஸ் ரெனோல்ட்ஸுடன் சேர்ந்து எழுதி வெளியிட்டார். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கதவிலக்கம் கொடுத்ததும் அவர்தான். டெல்நெட்டுக்கு 23.

ஆனால் டெல்நெட்டில் கடவுச்சொல் தபாலட்டையில் எழுதியதுபோலத் திறந்தபடியே போகும். 1995இல் ஹெல்சிங்கியில் கடவுச்சொற்கள் களவு போனபின், டாட்டு ஈலோனன் என்ற ஆய்வாளர் எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். செயலியை எழுதினார். பொஸ்டலின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி 22ஆம் இலக்கத்தைக் கேட்டார். அடுத்த நாளே கிடைத்தது. யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை.

நாடுகளின் ஈரெழுத்து முகவரிகளும் பொஸ்டலின் பொறுப்பிலேயே இருந்தன. யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருண்ட 1990ஆம் ஆண்டில்தான் இலங்கைக்குரிய எல்.கே. பதிவானது. எது நாடு, எது நாடல்ல என்று முடிவு செய்வது தன் வேலையல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. சர்வதேசத் தரநிலைப் பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும் கொடுத்தார். பாலஸ்தீனத்துக்கு 2000ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை வாசித்தபோது எனக்கு மனம் ஒருநிலைப்படவில்லை. தன் விருப்பு வெறுப்பைப் பட்டியலில் காட்டாதது நேர்மைதான். ஆனால் பட்டியலுக்கு வெளியே நிற்பவருக்கு அந்த நேர்மையும் மூடிய கதவுதான்.

1998 ஜனவரியில், இணைய முகவரிகளின் மூலக் கணினிகளைப் பராமரித்தவர்களில் எட்டுப் பேரிடம், இனித் தன் கணினியைப் பின்பற்றும்படி கேட்டுக்கொண்டார். அவர்களும் அப்படியே செய்தார்கள். அமெரிக்க அரசு தலையிட்டதும், அது ஒரு பரிசோதனை என்று விளக்கி, பழைய நிலைக்கே திருப்பிவிட்டார். அதே ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, இருதய சத்திரசிகிச்சைக்குப் பின்னர் 55ஆவது வயதில் காலமானார். அவர் பார்த்த வேலை ஐகேன் என்ற புதிய அமைப்பிடம் போனது. நீண்ட தாடியும் செருப்புமாகத் திரிந்த ஒரு தனிமனிதரின் மீதிருந்த நம்பிக்கையில்தான் அதுவரை அந்தப் பட்டியல் நின்றது.

எங்கள் பெயர்களைச் சேர்க்கவும் வெட்டவும் அதிகாரம் கொண்டிருந்தவர்களில் அப்படி நம்பத்தக்கவரை நாங்கள் அதிகம் கண்டதில்லை. அதனால்தான் எங்கள் பத்திரங்களின் பட்டியலை நானே வைத்திருக்கிறேன். நாளை மறுபடி ஓட நேர்ந்தால் கையில் எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. எந்த ஊரில் நின்றாலும் 22ஆம் கதவைத் தட்டினால் போதும். அம்மாவுக்கும் அந்தக் கட்டளையைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். கடவுச்சொல்லை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்.