இரசாயன மேதை பிரபுல்ல சந்திர ராய்

மரக்காணத்து உப்பளங்களில் வெயில் ஏற ஏறப் பாத்திகளில் வெண்படிகங்கள் விளைவதைக் காணாதவர் நம்முள் எவருமிலர். உப்பை வாரிய பின் பாத்தியில் எஞ்சும் நீரை நாவில் வைத்தால் கசக்கும். மக்னீசியம் உப்புகளே அதற்குக் காரணம். மக்னீசியம், தாமிரம் முதலிய உலோகங்களின் சல்பேட்டு உப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து எவ்வாறு படிகமாகின்றன என்பதை ஆராய்ந்து, 1887-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார் வங்க இளைஞர் ஒருவர். அவரே பிரபுல்ல சந்திர ராய்.

அவர் 1861 ஆகஸ்டு 2-ஆம் நாள், இன்று வங்காள தேசத்திலுள்ள ராருளி என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதில் கடும் வயிற்றுப்போக்கு வந்து படிப்பு தடைப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளும் தந்தையாரின் நூலகமே அவருக்குப் பள்ளிக்கூடம். பின்னர் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று 1882-ல் கப்பலேறினார்.

1888-ல் தாயகம் திரும்பியவருக்கு ஓராண்டு வரை வேலை கிடைக்கவில்லை. 1889-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் உதவிப் பேராசிரியரானார். உயர்ந்த பதவிகள் ஆங்கிலேயருக்கு. அதே படிப்புப் படித்த இந்தியருக்குக் கீழ்ப்படி! இதைப் படித்தபோது எங்களுக்குக் கோபமே வந்தது. அவரோ சோதனைச் சாலைக்குள் புகுந்துகொண்டார்.

முதலில் அவர் ஆராய்ந்தது எது தெரியுமா? கடைத்தெருவில் விற்கும் நெய்யும் கடுகெண்ணெயும்தான். அவற்றில் நடக்கும் கலப்படத்தைக் கண்டறிய வழி தேடி, 1894-ல் கட்டுரை வெளியிட்டார். அடுத்துப் பாதரசத்துக்கு வந்தார். பாதரசத்தின் மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி வைத்திருந்தபோது, எதிர்பாராத மஞ்சள் படிகங்கள் தோன்றின. சோதித்ததில் அது மெர்க்குரஸ் நைட்ரைட் என்று தெரிந்தது. மெர்க்குரஸ் அயனி எளிதில் சிதையக்கூடியது, நைட்ரைட்டும் அப்படியே. நிலையற்ற இரண்டும் கைகோத்து நிலைத்து நின்றதுதான் விந்தை! 1896-ல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இது வெளியாயிற்று.

அதன் பின் நைட்ரைட்டுகளைப் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார். சூடேற்றினால் அம்மோனியம் நைட்ரைட் சிதைந்துவிடும் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். வெற்றிடத்தில் அதை ஆவியாக்கி, அந்த ஆவியின் அடர்த்தியையும் அளந்து காட்டினார் ராய். 1912-ல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் இதனை விளக்கினார். 1920-க்குள் அவர் வெளியிட்ட கட்டுரைகள் 107.

இடையே கைத்தொழிலும் உண்டு. சுமார் 700 ரூபாய் முதலில் மருந்துத் தொழில் தொடங்கினார். மாட்டெலும்புகளை வாங்கி வீட்டு மாடியில் உலர்த்த, நாற்றம் தாங்காமல் அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தனராம்! அத்தொழிலே 1901-ல் பெங்கால் கெமிக்கல் கம்பெனியாயிற்று.

1916-ல் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு மாறினார். நம் சி. வி. இராமனும் மறு ஆண்டு அங்கேயே பேராசிரியராக வந்தார். அங்கு ராய், பிளாட்டினம், தங்கம் ஆகியவற்றோடு கந்தகமுள்ள கரிமப் பொருள்களைச் சேர்த்து ஆராய்ந்தார். உலோக அணு நடுவே இருக்க, மற்றவை அதைச் சூழ்ந்து பற்றியிருக்கும் இவற்றை அணைவுச் சேர்மங்கள் என்பர். அவருடைய மாணவர் பிரியதாரஞ்சன் ராய் இத்துறையில் உலகப் புகழ் பெற்றார்.

கண்டுபிடிப்பு நம் நாட்டில். அதை அச்சிட லண்டன் இதழ்களை நாட வேண்டுமா? 1924-ல் இந்திய இரசாயனக் கழகம் உருவாயிற்று. அவரே முதல் தலைவர். கழகம் ஓர் இதழையும் தொடங்கிற்று. உலகமே மதித்த அந்த ஆசிரியர் தம் கட்டுரைகளை இந்தப் புது இதழுக்குக் கொடுத்தார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1921-ல் அறுபது வயதானதும் தம் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக் கொடுத்தார். 1936-ல் ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரி மாடியிலிருந்த சிறிய அறையில் மாணவர்கள் சூழ வாழ்ந்து, 1944 ஜூன் 16-ஆம் நாள் அந்த அறையிலேயே உயிர் நீத்தார்.